புதுக் காரின் முதல் ஒயில்: வாசகர் கேள்வி பதில்

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதற்குப் பிறகு மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வரும் கேள்விகளில் புதுக் காரின் முதல் ஒயில் மாற்றம் பற்றியவை பல. அவற்றை ஒன்றுசேர்த்து இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: 1000 சீசீ புதுக் கார் எடுத்து 700 கிலோமீற்றர் ஓடிவிட்டது. கார் தந்தவர்கள் 5,000இல் ஒயில் மாற்றினால் போதும் என்கிறார்கள். கட்டாரில் இருக்கும் மச்சான், "முதல் ஒயிலில் இரும்புத்தூள்தான் இருக்கும், 300, 1,000, 2,000 என்று மூன்று தரம் மாற்று" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

1,000 கிலோமீற்றருக்கும் 1,500க்கும் இடையில் ஒரு தரம் ஃபில்டருடன் மாற்றுங்கள். பிறகு 5,000இல் மாற்றுங்கள். அதன்பின் ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கு, அல்லது ஆறு மாதத்துக்கு, எது முந்துகிறதோ அதன்படி. மூன்று தரம் தேவையில்லை.

மச்சான் சொல்வதில் உண்மை இருக்கிறது. புது எஞ்சினில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படிவது முதல் சில நூறு கிலோமீற்றரில்தான். அந்த உரசலில் நுண்ணிய உலோகத்தூள் ஒயிலில் சேரும். எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தட்டான சம்ப்பை ஒட்டும் சீலன்டிலிருந்து சிலிக்கனும், பாகங்களைப் பொருத்தும்போது தடவும் பசையிலிருந்து மொலிப்டினமும் கலக்கும். ஃபில்டர் பெரிய துணிக்கைகளைப் பிடித்துவிடும். ஆனால் சில மைக்ரோன் அளவுத் தூள் அதற்குள் நிற்காது, ஒயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்ற ஒயிலை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

ஆனால் 300இல் மாற்றுவது வீண். படிமானம் அப்போது முடிந்திருக்காது, நீங்கள் ஊற்றும் புது ஒயிலிலும் அதே தூள்தான் சேரும். அதோடு இன்றைய எஞ்சின்களின் சிலிண்டர்ச் சுவர் தொழிற்சாலையிலேயே ஏறத்தாழப் படிந்த நிலைக்குத் தேய்க்கப்பட்டு வருகிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய எஞ்சின் கொட்டிய அளவுக்கு இது தூள் கொட்டாது. தொழிற்சாலை ஒயிலை அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்று ஹொண்டா போன்றவர்கள் கைநூலிலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் கைநூலில் அப்படி ஒரு வரி இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

5,000 வரை பொறுக்கச் சொல்பவர்களும் பிழை சொல்லவில்லை. அதனால் எஞ்சின் கெட்டுப்போகாது. ஆனாலும் மூன்று லீற்றர் ஒயிலும் ஒரு ஃபில்டரும் காரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்து ஓடப்போகிறவர் அதைச் செலவழிப்பது நியாயம் என்பது எங்கள் கருத்து.

ஒயிலை விட முக்கியமான ஒன்றை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. முதல் 1,000 கிலோமீற்றரில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடாதீர்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து பொத்துவில் வரை ஏ4 வீதி ஏற்ற இறக்கமே இல்லாமல் கிடக்கிறது. அதில் 70இலேயே காலை வைத்துக்கொண்டு போகாமல், 45க்கும் 75க்கும் இடையில் ஏற்றி இறக்கி ஓடுங்கள். வளையங்கள் படிவதற்கு இந்த மாறுதல்தான் தேவை. அதற்காக எஞ்சின் சூடேறுமுன் அழுத்தி மிதிக்கவும் கூடாது.

கேள்வி: அக்கரைப்பற்றில் ஒரு கடையில், "எங்கட வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி, 20டபிள்யூ-50 போடுங்க" என்கிறார்கள். போடலாமா?

போடவேண்டாம். வெளியே வெயில் 33 பாகையாக இருந்தாலும், நுவரெலியாவில் 15 பாகையாக இருந்தாலும், சூடேறி ஓடும் எஞ்சினின் கூலன்ட் ஏறத்தாழ 90 பாகையில்தான் நிற்கும். தேர்மோஸ்டாட் அதற்காகத்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்காக ஒயிலைத் தடிப்பாக்கத் தேவையில்லை.

டபிள்யூவுக்குப் பின்னால் வரும் இலக்கம்தான் சூடான ஒயிலின் தடிப்புத் தரம். 100 பாகையில் அளந்தால் 20ஆம் தர ஒயிலின் பாகுநிலை (சென்ரிஸ்ரோக் அலகில்) 6.9க்கும் 9.3க்கும் இடையில். 50ஆம் தரம் 16.3க்கு மேல். அதாவது இரட்டிப்புத் தடிப்பு. வால்வு நேரத்தை மாற்றும் பொறிமுறை இந்த எஞ்சின்களில் ஒயில் அழுத்தத்தால், மிக ஒடுங்கிய துளைகள் வழியாக வேலை செய்கிறது. தடித்த ஒயில் அங்கே போய்ச்சேரப் பிந்தும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் மேற்பாகம் வறண்டு தேயும். பெற்றோலும் கூடச் செலவாகும்.

கைநூலில் உள்ள தரத்தையே வாங்குங்கள். 0டபிள்யூ-20 கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30 ஊற்றலாம், அடுத்த தடவை 0டபிள்யூ-20க்குத் திரும்புங்கள் என்று டொயோட்டாவின் பல கைநூல்கள் அனுமதிக்கின்றன. போத்தலின் பின்பக்கத்தில் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த இந்தத் தரம் சிறிய ரேர்போ எஞ்சின்களுக்குக் கட்டாயம் என்றே சொல்வோம். அத்தகைய எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் நேரம் தவறித் தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு, பிஸ்டனையே உடைக்கக்கூடியது. பழைய தர ஒயில்களில் கல்சியம் கூடுதலாக இருப்பது அதைத் தூண்டும். எஸ்பி தரம் அதைத் தடுக்கும் விதமாக அமைக்கப்பட்டது. டொயோட்டா ரைஸ் 1.0 ரேர்போ வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மோட்டார் சைக்கிள் ஒயிலும் வேண்டாம். கிளச் வழுக்காமல் இருக்க அதில் உராய்வு குறைக்கும் சேர்க்கைகளைத் தவிர்த்திருப்பார்கள்.

போலி ஒயில் பற்றியும் ஒரு வார்த்தை. மசகு எண்ணெய் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வெளியிடுகிறது. அந்த நிறுவனங்களின் விற்பனை முகவரிடம் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். மூடியின் வளையம் முன்பே அறுந்திருந்தாலோ, வாயின் உட்சீல் சுருங்கி ஒட்டியிருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாற்ற ஆசை. காரைத் தூக்கும் ஜக் இருக்கிறது, ஸ்பானர் செட் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று முழுதாகச் சொல்லுங்கள். எங்கள் வளவு மணல். (செங்கலடி வாசகர்)

மணல் வளவு என்று எழுதியது நல்லதாயிற்று, அங்கிருந்தே தொடங்கவேண்டும். மணலில் ஜக் நிற்காது. முதலில் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரியும், நீங்கள் கீழே போய் ஒயில் வடிக்கும் பிளக்கை இழுக்கும்போது சரியும். சீமெந்துத் தரையோ கொங்கிரீட் முற்றமோ உள்ள இடத்துக்குக் காரைக் கொண்டுபோங்கள். வேறு வழியே இல்லையென்றால் இரண்டு அங்குலத் தடிப்பில், இரண்டடிச் சதுரமான பலகையை ஜக்குக்கும், காரைத் தாங்கும் ஸ்டாண்டுக்கும் தனித்தனியே போடுங்கள். கார் நிற்பது ஜக்கின் மேல் அல்ல, ஸ்டாண்டின் மேல். ஜக் உயர்த்துவதற்கு மட்டும். ஸ்டாண்டுக்குப் பதில் சீமெந்துப் புளொக் கல் வைப்பவர்களைக் காண்கிறோம். தயவுசெய்து வேண்டாம். உள்ளே பொள்ளலான அந்தக் கல் ஒரு புள்ளியில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். கார் சற்று உயரமானதென்றால் முன்சக்கரங்களை இரண்டு தடித்த பலகைகளின் மேல் ஏற்றினாலே கை எட்டும். ஜக்கே தேவைப்படாது. பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள்.

ஹைபிரிட் கார் என்றால் பவரை முழுதாக நிறுத்திச் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ரெடி விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை எஞ்சின் எந்நேரமும் தானாக ஸ்டார்ட் ஆகலாம்.

வாங்கவேண்டியவை: கைநூலில் "ஃபில்டருடன்" என்று போட்டிருக்கும் அளவு ஒயில், ஃபில்டர், ட்ரெயின் பிளக்குக்குப் புது வொஷர். 660 சீசீ, 1000 சீசீ எஞ்சின்கள் பொதுவாக 3 லீற்றரை ஒட்டியே குடிக்கும். 1500 சீசீக்கு மூன்றரையிலிருந்து நான்கு வரை போகும். வொஷரைக் கடைக்காரர் மறந்துவிடுவார், நீங்கள் கேட்டு வாங்குங்கள். டொயோட்டாவுக்கு 90430-12031, ஹொண்டாவுக்கு 94109-14000 என்பவை மிகப் பல மொடல்களுக்குப் பொருந்தும் இலக்கங்கள். கூடவே ஐந்து லீற்றராவது கொள்ளும் அகலமான பேசின், கையுறை, புனல், ஃபில்டரின் விளிம்புக்குச் சரியான கிண்ண வடிவ ஃபில்டர் சாவி.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் முழுதாக இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வையுங்கள். கீழே பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால் கிளிப்பின் நடுவை மெல்ல நெம்பிய பிறகே கிளிப்பை இழுக்கவேண்டும். நேரடியாக இழுத்தால் முறியும்.

இனிப் பிளக். டொயோட்டாவுக்கு 14, ஹொண்டாவுக்கு 17ஆம் நம்பர். ரிங் ஸ்பானர் அல்லது ஆறு மூலைச் சொக்கற் மட்டும் போடுங்கள். வாய் திறந்த ஸ்பானர் மூலையை உருட்டிவிடும். இடஞ்சுழியாக இளக்கி, பிறகு விரலால் கழற்றுங்கள். கடைசிப் புரி வரை பிளக்கை மேல்நோக்கி அமர்த்திப் பிடித்துக்கொண்டு, கழன்றதும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால் கை நனையாது. பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள்.

அந்த நேரத்தில் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். பழைய வொஷர் சிலவேளை பிளக்கோடு ஒட்டி அதன் ஒரு பகுதி போலவே தெரியும். நகத்தால் கீறிப் பார்த்து அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். வொஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. ஏற்கனவே நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது. கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவார்கள், சம்ப்பின் புரி போகும். புரி போன கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பிளக்கை முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே ஏற்றவேண்டும். விரலுக்கு ஏறாவிட்டால் புரி மாறி ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி வையுங்கள். இறுக்கும் அளவு: 12 மில்லிமீற்றர்ப் புரி உள்ள டொயோட்டா பிளக்குக்கு ஏறத்தாழ 37, ஹொண்டாவுக்கு 40, சுசுகிக்கு 35 நியூட்டன் மீற்றர். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் றென்ச் இல்லையென்றால், 18 சென்ரிமீற்றர் நீள ஸ்பானரின் நுனியில் 20 கிலோ பாரத்தைத் தூக்கும் அளவு இழுப்பு. அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஸ்பானருக்குக் குழாய் மாட்டி நீட்டவே கூடாது.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் தடவி உரித்தெடுங்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், ஸ்டார்ட் செய்து சற்று நேரத்தில் அழுத்தம் தாங்காமல் பிதுங்கி ஒயில் முழுவதும் வெளியே கொட்டும். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஒயிலை விரலால் பூசிக் கையாலேயே ஏற்றுங்கள். வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. சாவி கழற்றுவதற்குத்தான், இறுக்குவதற்கு அல்ல. ஃபில்டருக்குப் பதில் காகித உள்ளீடும் பிளாஸ்டிக் மூடியும் உள்ள எஞ்சின் என்றால் மூடியின் ஓ வளையத்தையும் மாற்றுங்கள், மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள்.

கைநூல் அளவை விட அரை லீற்றர் குறைவாக ஊற்றி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஒயில் விளக்கு சில நொடிகளில் அணையவேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிளக்கையும் ஃபில்டரையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். நிறுத்தி, காரைச் சமதரைக்கு இறக்கி, ஐந்து நிமிடம் பொறுத்து, ஒயில் மட்டம் காட்டும் கோலான டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மேற்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்குள் அழுத்தம் நிற்காது. கூடினால் எடுத்துவிடத்தான் வேண்டும், "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விடக்கூடாது.

கேள்வி: சாய்ந்தமருதில் இருந்து எழுதுகிறேன். தம்பி ஒயில் இறக்கி மூன்று லீற்றர் புது ஒயில் ஊற்றினான். இப்போது டிப் ஸ்டிக்கில் கோட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கிறது. இறக்கிய ஒயில் இளம்பச்சை நிறம். என்ன நடந்திருக்கும்?

தம்பி இறக்கியது எஞ்சின் ஒயில் அல்ல, சீவிடி எனும் தானியங்கிக் கியர் பெட்டியின் ஒயில். எஞ்சினுக்குள் இப்போது ஆறு லீற்றர், கியர் பெட்டிக்குள் வறட்சி. காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், வாசல் வரைகூட எடுக்காதீர்கள். சீவிடியின் உருக்குப் பட்டி ஒயில் அழுத்தத்தால்தான் கப்பியைப் பிடிக்கிறது. அழுத்தமில்லாமல் சுழன்றால் கப்பியின் முகம் கீறிவிடும், பிறகு கியர் பெட்டியையே மாற்றவேண்டி வரும்.

எஞ்சினின் ஒயில் முழுவதையும் இறக்கி, அளந்து புதிதாக ஊற்றுங்கள். கியர் பெட்டியிலிருந்து எவ்வளவு வந்தது என்று பேசினில் அளந்து குறியுங்கள், கொட்டிவிடாதீர்கள். அதே அளவுக்கு, அந்தத் தயாரிப்பாளர் சொல்லும் சீவிடி ஒயிலே வேண்டும்: சுசுகிக்கு கிரீன் 2, டொயோட்டாவுக்கு எஃப்ஈ, ஹொண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3 என்று ஒவ்வொன்றும் வேறு. சரியான மட்டத்தை ஒயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துத்தான் வைக்கமுடியும். ஆகவே சீவிடி தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் லொறியில் மட்டும்.

இனிச் செய்பவர்களுக்கு: பொனட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் ஓடும் பக்கம் எஞ்சின், மறுபக்கம் கியர் பெட்டி. எஞ்சினின் சம்ப்புக்கு அருகிலேயே ஒயில் ஃபில்டர் தெரியும். புதுக் காரில் எஞ்சின் ஒயிலும் கறுக்காமல் தேன் நிறத்தில் இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. வடிந்து முடிந்ததும், புது ஒயில் ஊற்றுமுன், டிப் ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு இழுத்துப் பாருங்கள். அது காய்ந்திருந்தால்தான் சரியான பிளக்கைத் திறந்திருக்கிறீர்கள்.

கேள்வி: 1,100 கிலோமீற்றரில் இறக்கிய ஒயில் வெயிலில் மினுமினுக்கிறது. எஞ்சின் போய்விட்டதா? (காத்தான்குடி வாசகர்)

இல்லை. வெள்ளி மினுக்கம் போல ஒயில் முழுதும் பரவிய மென்தூள் முதல் மாற்றத்தில் இயல்பு. வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். விரலுக்கிடையில் தேய்த்தால் தட்டுப்படாத தூளுக்குப் பயமில்லை. நகத்தில் எடுக்கக்கூடிய சீவல், தகடு போன்ற துண்டு, பித்தளை நிறத் துகள் வந்தால் துணியோடு முகவரிடம் காட்டுங்கள். 5,000இல் மாற்றும்போது மினுக்கம் வெகுவாகக் குறைந்திருக்கவேண்டும்.

கேள்வி: நாமே மாற்றினால் வொரண்டி போய்விடுமா? (கல்முனை வாசகி)

உங்கள் வொரண்டிப் புத்தகத்தில் "முகவரின் சேர்விஸ் நிலையத்திலேயே" என்ற நிபந்தனை இருக்கிறதா என்று வாசியுங்கள். இங்குள்ள முகவர்கள் பலரும் அதைக் கேட்பார்கள். அப்படியானால் புத்தகத்திலுள்ள சேர்விஸ்களை அங்கேயே செய்யுங்கள், 1,000இல் செய்வதை மேலதிகமாக நீங்கள் செய்யலாம், ஆனால் முதலில் அவர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒயில், ஃபில்டர் பற்றுச்சீட்டையும், கிலோமீற்றர் தெரியும் படத்தையும் வைத்திருங்கள். ஜப்பானிலிருந்து நேரே இறக்கிய காருக்கு விற்றவர் எழுதித் தந்ததைத் தவிர வேறு வொரண்டி இருக்காது.

கேள்வி: கார் மாதம் 300 கிலோமீற்றர்கூட ஓடாது. கல்லடியிலிருந்து பள்ளிக்கூடம், சந்தை, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் மாற்றத்தான் வேண்டுமா? இறக்கிய ஒயிலை வேலிக் கம்புக்குக் கறையானுக்காக ஊற்றலாமா?

மாற்றத்தான் வேண்டும். உங்களைப் போல் ஓடுவதுதான் ஒயிலுக்கு மிகக் கடினம். ஒயில் முழுதாகச் சூடேற பதினைந்து, இருபது நிமிட ஓட்டம் தேவை. மூன்று கிலோமீற்றரில் நிறுத்தினால் எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஒயிலிலேயே தங்கும். ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கத்தில் பால் நிறப் பசை ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். வாரத்தில் ஒரு நாள் செங்கலடி வரையாவது போய் வாருங்கள்.

வேலிக் கம்புக்கு ஊற்றாதீர்கள். கல்லடி கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மணல். ஊற்றியதை அந்த மணல் தடுத்து வைத்திருக்காது, சில அடி ஆழத்திலேயே உங்கள் கிணற்று நீர் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கிணறும் அதே நீர்தான். ஒரு தடவை மாற்றும் ஒயில் பத்து லட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்கு. மார்கழி மழையில் வளவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது அது கிணற்றுக் கட்டையும் தாண்டும். பாவித்த ஒயில் தோலுக்கும் கெடுதி, பிள்ளைகள் பிடித்து விளையாடும் வேலியில் அதைப் பூசக்கூடாது.

ஒயில் வந்த போத்தல்களிலேயே திருப்பி ஊற்றி மூடி, வாகன சேர்விஸ் நிலையத்தில் கேட்டு அவர்களின் கழிவு ஒயில் பீப்பாயில் சேருங்கள். ஃபில்டரைக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டுப் பையில் கட்டிக் கூடவே கொடுங்கள். கூலன்டோ பெற்றோலோ கலந்துவிட்டால் அதைத் தனிப் போத்தலில் வைத்து, கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள். கலந்ததை நல்ல கழிவு ஒயிலோடு சேர்க்க அவர்கள் விரும்பமாட்டார்கள்.